துப்பிய குழம்பும் மூன்று குழித் தோலும்

1. மூன்றும் ஒரே நாளில்

ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் நான் குழி மேஸ்திரி. குழி மேஸ்திரிக்குக் கருவி அவன் நாக்குதான். ஆவாரம்பட்டை ஊறுகிற குழியில் விரலை விட்டு, நாக்கில் வைத்து, துவர்ப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததும் இடது பக்கம் துப்பிவிட்டு, “எடுத்துடு” என்றோ “இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்றோ சொல்ல வேண்டும். பதினாறு வருஷம் இதையே செய்தவன் நான். வீட்டில் வாய் கொப்பளித்தாலும் இடது பக்கம்தான் துப்புவேன். வலது பக்கம் எனக்கு வராது.

முதலாளி சாயபு அந்த வருஷம் மலிவாகக் கிடைத்தது என்று தோலை மொத்தமாக வாங்கி, மூன்று சுண்ணாம்புக் குழியிலும் ஒரே நாளில் போடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே நாளில் போட்டது ஒரே நாளில்தானே பதத்துக்கு வரும். சுண்ணாம்பில் கிடக்கிற தோல் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு மூன்று நாளுக்குள் முடி எடுத்து, சதை சீவி, தண்ணீரில் அலசியாக வேண்டும். இல்லாவிட்டால் வெந்து இற்றுப்போகும்.

சதை சீவத் தொடங்கிய அன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மேஸ்திரி, போன லாட்ட மெட்ராஸ்ல ரெண்டாம் நம்பர்னு தள்ளிட்டான். கத்தி வெட்டு ஜாஸ்தியாம். இதுவும் அப்படிப் போச்சுன்னா ஷாப்பப் பூட்டிடுவேன். எனக்கு வேற வழி இல்ல.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு போய், சதை சீவுகிற எட்டுப் பேரிடமும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னவன் நான்.

அந்த எட்டுப் பேரில் மூத்தவர் சின்னப்பன். மாதனூர்ப் பக்கத்துக்காரர், கோயில் தவறாத கிறிஸ்தவர். சாய்வான மரக்கட்டையில் தோலை விரித்து இரண்டு கைப்பிடிக் கத்தியை அவர் இழுத்தால், சதை தனியாக, தோல் தனியாக வரும். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “வெட்டு விழுந்துச்சு, எட்டுக் குடும்பமும் தெருவுலதான்” என்று கத்தினேன். அந்த நிமிஷமே கத்தி சறுக்கியது. நல்ல தோல் ஒன்றின் நடு முதுகில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டு விழுந்தது.

அவர் கத்தியைத் துடைத்தார். கை நடுங்கியது. அப்படியும் என் வாய் மூடியதா என்றால் இல்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் கையும் நடுங்க ஆரம்பித்தது. பாதிக்கு மேல் தோல் மிச்சம் இருந்தது.

2. இடது பக்கம்

வீட்டுக்குப் போய் ராஜம்மாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு என்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

“அந்தப் பெரியவர் சின்னப்பன்கிட்ட தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வேலையப் பாருங்க” என்றாள்.

“மேஸ்திரி போய் அப்படிச் சொன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?”

“அப்ப வயித்துக்காவது எதாவது போடுங்க. வெறும் வயித்துல வந்து கத்தி புடிக்கிறாங்க. நீங்க வேற கத்துறீங்க. கை நடுங்காம இன்னா பண்ணும்?”

நானே சமைக்கிறேன் என்றேன். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டாள். அவள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, விடிந்ததும் நான் கேழ்வரகுக் களி கிண்டினேன். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மிளகாய்த் தூள் அவள் கையால் அரைத்தது. களி கிண்டித் தோள் விட்டுப்போனதோடு சரி, மற்றபடி எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு பானையையும் வண்டியில் ஏற்றி ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பட்டைக் கொட்டகைப் பக்கம் மூன்று கல்லை வைத்துக் குழம்பைச் சுட வைத்தேன். எட்டுப் பேரும் கத்தியை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். மேஸ்திரி சோறு போடுகிறான் என்றால் வேலையை விட்டு நிறுத்தப்போகிறான் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஒரு முகத்திலும் களை இல்லை.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன். அப்புறம் இடது பக்கம் துப்பினேன்.

“இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் மண்ணில் கிடந்தது. கரண்டியை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சின்னப்பன்தான் வாயைத் திறந்தார். “மேஸ்திரி, ரெண்டு நாள் பசி தாங்காது. அரப்பதமா இருந்தாலும் பரவால்ல, எறக்கிடுங்க.”

முதலில் ஒருத்தன் மூக்கால் சிரித்தான். அப்புறம் எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களும் என்ன என்று ஓடிவந்து கேட்டுச் சிரித்தார்கள். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கும்போதும், ஒவ்வொருத்தனும் இடது பக்கம் துப்புகிற மாதிரி பாவனை காட்டிவிட்டுத்தான் விழுங்கினான். இரண்டு பானையும் காலியாயின.

அன்று மத்தியானம் நான் வாயைத் திறக்கவே இல்லை. எட்டுக் கத்தியும் ஒரே சீராகப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் கடைசித் தோலும் இற்றுப்போகாமல் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது.

3. மெட்ராஸ்காரர்

பட்டைக் குழியெல்லாம் முடிந்து, எண்ணெய் போட்டு, தோல் காய்ந்து அடுக்கான பிறகு, தரம் பார்க்கிறவர் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தார். மூக்கில் அத்தர்க் கைக்குட்டை. நாங்கள் வேலையை விட்டுவிட்டு நின்றோம். பாதி அடுக்கைப் பார்த்துவிட்டு, தரம் எழுதாமல் சாப்பாட்டுக்கு எழுந்தார். முதலாளி என்னை அதே குழம்பை வைக்கச் சொல்லியிருந்தார்.

மெட்ராஸ்காரர் ஒரு வாய் வைத்தார். மென்றார். சட்டென்று நிறுத்தி, இடது பக்கம் தலையைத் திருப்பித் துப்பினார்.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விரலால் வாயைத் துடைத்துக்கொண்டு, “கருவாட்டு முள்ளுப்பா” என்றார். “இன்னும் கொஞ்சம் ஊத்து.”

மிச்சத்தையும் பார்த்து முடித்து, ஒன்றாம் நம்பர் என்று எழுதினார். முதலாளி கண்ணை மூடி அல்லாவைக் கூப்பிட்டார். அப்போது மெட்ராஸ்காரர் தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு தோலைத் தூக்கிக் காட்டினார். நடு முதுகில் நாலு விரல் நீள வெட்டு.

“இத்தனை நல்ல வேலைக்கு நடுவுல இது யாரு கை?”

சின்னப்பன் ஓரடி முன்னால் வந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“கை இவர்துங்க. வெட்டு என் வாய்துங்க. பின்னாடி நின்னு கத்துனேன். தப்பு என்துதான்.”

மெட்ராஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தோலைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். சின்னப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத சொல்றதுக்கா மேஸ்திரி ஒரு பான களி கிண்டுனீங்க?”

நான் குனிந்து அந்தத் தோலை எடுத்து மடித்தேன். ராஜம்மாவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

இப்போது மேஸ்திரியாகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை நெருக்குகிற நாளில் ஆட்களுக்கு உங்கள் கையாலேயே சமைத்துப் போடுங்கள். பசித்த கையில் கத்தி நிற்காது. நானும் அதற்குப் பிறகு குழிகள் ஒன்றாகப் பதத்துக்கு வந்த ஒவ்வொரு முறையும் களி கிண்டினேன். ஆனால் சொல்ல வேண்டியதை முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினேன்.