அக்காவின் முகத்தோடு பறந்தவள்

ரொறன்ரோவிலிருந்து வந்த முதல் சித்திரக்கதை இதழின் அட்டையில் ஒரு பெண் பறந்துகொண்டிருந்தாள். பனியில் புதைந்த பேருந்தொன்றை ஒற்றைக் கையால் தூக்கியிருந்தாள். லண்டனில், எங்கள் டூட்டிங் வீட்டுச் சமையலறையில் அதை விரித்த அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்தக் கூரிய நாடியும் இடது புருவத்தை வெட்டிய சிறு தழும்பும் நீண்ட பின்னலும் அவளுடையவை.

வரைந்தவர் அத்தான், அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. எண்பதுகளின் கடைசி அது. தொழிற்சாலை வேலை போக மிஞ்சிய நேரத்தில், ஒரு வெள்ளைக்கார நண்பரோடு சேர்ந்து அந்தச் சித்திரக்கதையை வெளியிட்டு வந்தார். அத்தான் பென்சிலால் வரைவார். நண்பர் கதை எழுதி, அந்தப் பென்சில் கோடுகளுக்கு மையேற்றுவார். "அமெரிக்காக்காரரின்ர வீரர் எல்லாரும் தங்கட ஊரைத்தான் காப்பாத்துவினம். கனடாவுக்கு ஆர் இருக்கினம்? அதுதான் உம்மட அக்காவை இறக்கியிருக்கிறன்" என்று தொலைபேசியில் என்னிடம் சிரிப்பார்.

கனடா விசாவுக்குக் காத்திருந்த அக்காவும் நானும் ஹீட்டருக்கு முன்னால் படுத்துக்கிடந்து ஒவ்வோர் இதழையும் வாசிப்போம். "இவ்வளவு குளிருக்க ஒரு கோட்டுக்கூடப் போடாமல் பறக்கவிட்டிருக்கிறார், பார்" என்று அக்கா பொய்க்கோபம் கொள்வாள்.

ஒரு மாரிகாலக் காலையில், வேலைக்குப் போன அத்தானின் கார் உறைந்த வீதியில் வழுக்கியது. அவர் பிழைக்கவில்லை. விசா இல்லாத அக்காவால் செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை.

ஆனால் இதழ்கள் நிற்கவில்லை. நண்பர் தனியாக வரைந்து அனுப்பினார். கோடுகள் தடித்திருந்தன; முகம் மட்டும் பிசகவில்லை. உறை வரும் நாளெல்லாம் அக்கா சாப்பிடமாட்டாள். கடைசியில் ஒருநாள், "அந்த ஆளோட நீ கதை. என்ர முகத்தை விடச் சொல்லு. எனக்கு ஏலாது" என்றாள்.

நான் அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்த முகத்தை வரையும்போது மட்டும்தான் நண்பன் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்றார். பக்கத்தில் நின்ற அக்கா ரிசீவரை வாங்கினாள். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், அவர் நல்லவர், நீங்களும் நல்லவர், போதும் என்றாள். அதன்பின் இருவரும் அழுதார்கள்.

இன்னும் ஒரே ஓர் இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பறக்கும் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, உறைந்த ஏரியின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா இப்போது கணவர், பிள்ளைகளோடு கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறாள். கனடாவுக்கு ஒருக்கால் போவோமே என்று பிள்ளைகள் கேட்டால், "அங்கத்தைக் குளிர் எனக்கு ஒத்துவராது" என்பாள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. அத்தான் வாழ்ந்த ஊரை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.