இன்னொரு பறை போடுங்கோ

கிளிநொச்சியில் கணினி திருத்தும் அக்கா எதைத் தொடுமுன்னும் உடம்பிலுள்ள நிலைமின் இறங்கட்டும் என்று யன்னல் கம்பியை ஒருமுறை பிடிப்பார். நான் என் கணினியை அவரிடம் கொண்டுபோனதற்கு மறுநாள் எங்கள் கோயில் பொங்கல். அதற்கு நான் கணினியில் செய்த பாட்டில், பறையும் உடுக்கும் சேரும் இடத்தில் கணினி நின்றுவிடும்.

மூடியைக் கழற்றியவர் உள்ளே கிடந்த நெற்பதரை ஊதினார்.

“தம்பி, இதுக்குள்ளயோ நெல்லுச் சூடடிச்சனீங்கள்?”

“நெல்லு மூட்டையெல்லாம் என்ர அறையிலதான், அக்கா.”

கணினியின் ராம் நினைவகத்தைக் கூட்டி, வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் போட்டார்.

“பாட்டைப் போடுங்கோ.”

பாட்டு நிற்காமல் ஓடியது! நான் துள்ளினேன். அவருக்குப் போதவில்லை.

“இன்னொரு பறை போடுங்கோ, நிக்குதோ பாப்பம்.”

பாட்டில் இன்னொரு பறையொலியைச் சேர்த்தேன். நிற்கவில்லை.

“இன்னொண்டு!”

கடைக்கு வந்தவர்களும் தாளம் போட்டார்கள். மறுநாள் கோயிலில் அந்தப் பறைகள் அத்தனையும் அதிர்ந்தன. அக்கா கணினியைச் சோதித்தாரா, பாட்டைச் செய்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.