பட்டத்தில் எரிந்த விளக்கு

1993 தை மாதம். பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போரால் மின்சாரம் நின்று சில வருடங்களாகியிருந்தன. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் அரசாங்கத் தடை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் பிரசவம் பார்த்தார்கள்.

பட்டம் கட்டுவதில் பெயரெடுத்த ஓர் அண்ணையும் நானும் அந்தப் பொங்கலுக்கு எட்டடிப் பெட்டிப் பட்டம் ஒன்று கட்டினோம். அதில் தகர விசிறியையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி, பழைய மோட்டரில் உருவிய செம்புக் கம்பியைக் கீழே இறக்கினோம். பட்டம் ஏறியதும் கடற்கரை மணலில் சின்ன பல்ப் எரிந்தது! குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் பட்டத்தை இறக்குவதும் போனபின் ஏற்றுவதுமாக மூன்று கிழமை பார்த்தோம். ஒரு நாளும் பட்டம் எங்களைக் கைவிடவில்லை.

பிரசவ அறைக்குப் போதுமான வெளிச்சம் வேண்டுமென்றால் பெரிய டைனமோ தேவை. யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. அவர்களுடைய படிவத்தில் தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று ஐந்து படிகள் போட்டிருந்தார்கள். எண்ணம், மாதிரி, ஆய்வுகூடச் சோதனை, வெளிச் சோதனை, பாவனைக்குத் தயார். நான் யோசிக்கவேயில்லை, ஐந்தாவதில் அடையாளம் போட்டேன்.

புத்தூர், நீர்வேலி தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வெயிலில் சைக்கிள் உழக்கிப் போனேன். அதிகாரி படிவத்தை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், காற்றுச் சுரங்கப் பரிசோதனை அறிக்கை எங்கை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடாநாட்டில் ஒரு மின்விசிறி சுழல்வதற்கே வழியில்லை, இவர் இராட்சத விசிறியால் காற்றடித்துச் சோதிக்கும் சுரங்கம் கேட்கிறார்! "கடற்கரைக்கு வந்து பாருங்கோ" என்றேன். "மூன்றாம் படி இல்லாமல் ஐஞ்சாம் படிக்கு வர ஏலாது. உது விளையாட்டுச் சாமான்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். வந்து பார்க்கக்கூட மனமில்லாத மனிதருக்கு அந்தப் பதவிக் கதிரை எதற்கு?

அந்த ஆத்திரத்தோடு அடுத்த நாள் பின்னேரமே பட்டத்தை ஆஸ்பத்திரி வளவில் ஏற்றினோம். கம்பியைப் பிரசவ அறை யன்னலால் உள்ளே விட்டேன். பல்ப் எரிந்தது. மருத்துவிச்சி அக்கா கைதட்டிச் சிரித்தா. எனக்கோ அந்த அதிகாரியை இழுத்து வந்து காட்டவேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காற்று தளர்ந்தது. பல்ப் சிவந்து, மங்கி, அணைந்தது. அக்கா ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினா. பிறகுதான் கேட்டா.

"மாஸ்டர், பங்குனியிலை காத்து விழுந்தால் என்ன செய்யிறது? பிள்ளை பெறுறவ பொறுத்திருப்பாவோ?"

அண்ணை பட்டத்து நூலைச் சுற்றத் தொடங்கினார். தை மாதம் பட்டக் காலம், அதனால் தையில் மட்டும்தான் ஏற்றிப் பார்த்திருந்தோம். பங்குனியில் எங்கள் ஊரில் யாரும் பட்டம் விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பௌதிகம் படிப்பித்த எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அந்த அதிகாரி மேல் இருந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. அக்கா கேட்ட கேள்வியை அவர் கேட்டிருந்தால் தலைகுனிந்து வந்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்காதது அதைவிடப் பெரிய குற்றம். இப்போது யாராவது ஒன்றைக் காட்டி "தயார்" என்று சொன்னால், அது நின்றுபோகும்போது இருட்டில் கிடக்கப்போவது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.