மேட்டுப் பள்ளிக்கூடத்து இரும்பு ஊஞ்சல்

எங்கள் ரியாந்தேகா மேட்டில் இடிக்குப் பயம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: யாருடையதை எடுத்தாய்? இடி திருடனைத் தேடித்தான் வரும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் மழை பிடித்துக்கொண்டாலும் ஆம்பிளைகள் தைலமரத்தடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். ஓடினால் மானம் போய்விடும். இப்படிப்பட்ட ஊரில், வானம் உறுமினாலே உடம்பெல்லாம் உதறுகிற ஒருத்தி பிறந்து, படித்து, டீச்சராகி, அதே மேட்டில் வாழ்க்கைப்படவும் செய்தாள் என்றால் அவள் தலையெழுத்தை என்னவென்று சொல்ல? கெமுந்தோ என்று பெயர்.

அவளுடைய பயம் சும்மா வந்ததில்லை. சின்ன வயதில் அவளுடைய அண்ணன் ரதேமோ, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழைக்கு ஒதுங்கிய மரத்தடியிலேயே கருகிப் போனான். துக்கத்துக்கு வந்தவர்கள் எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. என்னத்தை எடுத்தான் என்றுதான் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவர்களுடைய அம்மாவே கடைசியில் பிள்ளையின் பையைக் கொட்டித் தேடினாள். அதில் அவனுடையதல்லாத ஒரு பென்சில் கிடந்தது, விரல் நீளம்கூட இருக்காது. அம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய், உரிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் மகனுக்காக அழுததை யாரும் பார்க்கவில்லை. கெமுந்தோ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த வீடுகளுக்கெல்லாம் கூடவே நடந்தவள்.

வளர்ந்த பிறகு பயத்தை மறைக்கக் கற்றுக்கொண்டாள். மத்தியானத்துக்கு மேல், மழை வருகிற ஏரிப்பக்கம் வானம் கறுத்தால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணமாகி மகள் கெசாரே பிறந்த பிறகு அவளுக்கு மட்டும் விஷயம் தெரிந்துபோனது. இடி கேட்டதும் நாலு வயதுக் குழந்தை ஓடி வந்து மடியில் ஏறி, அம்மாவின் இரண்டு காதையும் தன் உள்ளங்கையால் பொத்திவிடும். ஊரில் பிள்ளைகள் அம்மாவிடம் தைரியம் தேடும். இந்த வீட்டில் தலைகீழ்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் புதிதாக மழலை வகுப்பு கட்டினார்கள். கெமுந்தோவைத்தான் அதற்குப் போட்டார்கள். விளையாட்டுத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு படம் போட்டுக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னபோது அவளுக்கு ஏக சந்தோஷம். ஆனால் படம் போட உட்காரவில்லை. முதலில் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்தாள். மேட்டு உச்சியில் பச்சைப் பசேலென்ற புல்வெளி இருந்தும் ஒன்றுகூட அங்கே போகவில்லை. அத்தனையும் வகுப்புக்குக் கீழே இருந்த சரிவுக்கு ஓடின. வாழைமட்டையில் உட்கார்ந்து சறுக்கி, கால்சட்டைப் பின்பக்கத்தைச் செம்மண்ணாக்கிக்கொண்டு மறுபடி ஏறின. அதையே வரைந்தாள், பழைய காலண்டரின் பின்பக்கத்தில். சரிவை மழுக்கி ஒரு சறுக்கு, அடியில் விழுந்தால் நோகாதபடி காப்பித் தொலி. ஏறி வர, பாதி புதைத்த லாரி டயர்கள். ஓரத்தில் ஆள் குனிந்து நுழைகிற மண்குகை. உடைந்த சட்டிகள் வைத்த மண்சோற்று அடுப்பு. எல்லாம் தரையோடு தரையாக, வகுப்பு வாசலுக்குப் பக்கத்திலேயே. ஏன் எல்லாமே தாழ்வாக இருக்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மட்டும் அவளுக்கு உள்ளே குறுகுறுத்தது.

கேட்டார். பெற்றோர் சங்கத் தலைவர் மகோரி. கிசி டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், நல்ல மனுஷர், கொஞ்சம் தம்பட்டம். சங்கக் கூட்டத்தில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதென்ன எலி வளையா என்றார். தன் செலவில் இரும்பு ஊஞ்சல் செய்து தருவதாகவும், அதை மேட்டு உச்சியில் நட்டால் தார்ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும் என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கெமுந்தோ மெதுவாக எழுந்து, உச்சியில் என்றால் ஒரு இடிதாங்கியும் வேண்டுமே என்றாள்.

அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சாவகாசமாகக் கேட்டார்:

"டீச்சருக்கு இடின்னா என்னத்துக்கு இம்புட்டு பயம்? பிள்ளைங்க கஞ்சி மாவு போன பருவத்துல பாதியிலயே தீந்துபோச்சாமே, அந்தப் பயமா?"

கொட்டகையே சிரித்தது. பள்ளிக்கூடத்துக் கஞ்சி மாவு அவள் பொறுப்பில் இருந்தது, அது தீர்ந்ததும் நிஜம்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்கு அவள் இரண்டாவது கோப்பை ஊற்றினாள், மூன்றாவதும் ஊற்றினாள். கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை, மாவு எங்கே நிற்கும்? அப்போதே ஒரு முணுமுணுப்பு கிளம்பி எப்படியோ அடங்கியிருந்தது. இப்போது அதைக் கிளறிவிட்டார்களே என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வேறு சாக்குகள் தேடினாள். உச்சிப் புல்லில் பாம்பு இருக்கிறது என்றாள், புல்லை வெட்டினார்கள். காற்று அதிகம் என்றாள், சவுக்கு வேலி கட்டினார்கள். மகோரி அவளைத் தனியாக அழைத்து, மழலை வகுப்பு மத்தியானமே விட்டுவிடுகிறது, மழையோ அதற்குப் பிறகுதான் வரும், என்ன கவலை என்று பொறுமையாகவே சொன்னார். அண்ணன், அக்கா வகுப்பு முடிகிற வரைக்கும் பாதிப் பிள்ளைகள் அங்கேயேதான் சுற்றுகின்றன என்று அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஊஞ்சல் வந்தது. நாலு வண்ணம் பூசி, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், மேட்டு உச்சியில் தன்னந்தனியாக நின்றது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் அந்தக் கம்பியும், அதில் வரிசையாகத் தொங்குகிற பிள்ளைகளும்தான்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே வர வேண்டிய கல்வி அதிகாரி மத்தியானம் தாண்டி வந்தார். ஆட்டுக்கறி ஆறிப்போயிற்று, சோளக்களி கல்லாகிவிட்டது. அதிகாரிக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்த கிடாவை ஊஞ்சல் காலிலேயே கட்டியிருந்தார்கள். புது ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளை ஊஞ்சலைச் சுற்றி நிறுத்தி, பலகைகளிலும் ஏற்றி உட்கார வைத்தாயிற்று. கெசாரேவும் ஒரு பலகையில் இருந்தாள். போட்டோவுக்காகத் தாய்மார்கள் பின்னால் நின்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி பேச ஆரம்பித்தார்.

ஏரிப்பக்கம் கும்மென்று கறுத்திருந்தது. அதிகாரியின் பேச்சு முடிகிற வழியாக இல்லை. தூரத்தில் ஒருமுறை உருண்டது. கெமுந்தோ மகோரியின் பக்கத்தில் போய், பிள்ளைகளை உள்ளே கொண்டுபோயிடலாம் என்று கெஞ்சினாள். போட்டோ எடுத்ததும் போகலாம் என்றார் அவர். தலைமையாசிரியரிடம் போனாள். அதிகாரி பேசும்போது எப்படி என்று அவர் பல்லைக் கடித்தார். காற்று சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. ஊஞ்சல் கம்பியிலிருந்து வண்டு முரல்வது போல ஒரு சத்தம், கேட்டும் கேளாமலும். அவள் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டு நின்றது.

ஓடுங்கள் என்று கத்தலாம்தான். யார் ஓடுவார்கள்? அதிகாரி முன்னால் இடிக்குப் பயந்து ஓடி, நான்தான் திருடன் என்று எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? கெமுந்தோ தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்ததும் உண்டு. ஆனால் அவள் நேராக ஊஞ்சலடிக்குப் போய், நடுக்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சி மாவை நான்தான் எடுத்தேன்," என்றாள்.

அதிகாரி பேச்சை நிறுத்தினார். மகோரி, என்ன டீச்சர் இது என்றார்.

"போன பருவத்து மாவு. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நான்தான்."

முதலில் ஒரு தாய் மட்டும் தன் பிள்ளையைப் பலகையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிறகு நடை ஓட்டமானது. திருடியின் பக்கத்தில் நிற்பதற்கு எவருக்குத் துணிச்சல் இருக்கும்? கையில் கிடைத்த பிள்ளை யாருடையது என்றுகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதிகாரி குடையைப் போட்டுவிட்டு ஓடினார். கெசாரேவைப் பக்கத்து வீட்டுக்காரி தோளில் போட்டுக்கொண்டு போனாள். குழந்தை தலையைத் திருப்பி அம்மாவையே பார்த்துக்கொண்டு போனது.

கடைசிப் பிள்ளையும் போனதைப் பார்த்த பிறகு கெமுந்தோ ஓடினாள். மழை சாட்டையாக இறங்கியது. வகுப்புக் கதவைத் தள்ளினாள், உள்ளே இருந்து பிடித்திருந்தார்கள்.

"இங்க வராதீங்க டீச்சர். உள்ள பிள்ளைங்க இருக்கு."

அது நியாயம்தானே என்று அவளுக்கே தோன்றியது, பாருங்கள். சரிவில் இறங்கினாள். படம் போட்ட நாளில் மண்குகைக்கென்று அவள் சும்மா தோண்டிப் பார்த்த குழி ஒன்று இருந்தது. அதில் சுருண்டு, முழங்காலில் முகத்தை வைத்து, தன் காதைத் தானே பொத்திக்கொண்டாள். அப்போதுதான் இடி விழுந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தும் வெள்ளையாகத் தெரிந்தது. தரை அவளைத் தூக்கிப் போட்டது. செத்துவிட்டோமா இல்லையா என்று தெரியாமல் நெடுநேரம் அப்படியே கிடந்தாள்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். ஊஞ்சலின் வண்ணம் எல்லாம் பொரிந்து உதிர்ந்திருந்தது. சங்கிலி உருகிப் பலகையோடு ஒட்டியிருந்தது. கிடா நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. சற்று முன்னால் பிள்ளைகள் நின்ற இடம். எல்லோரும் பார்த்தார்கள், அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எல்லோருக்கும் புரிந்தது. அதனால் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவளைத் தேடித்தான் வந்தது, மயிரிழையில் தப்பிவிட்டாள் என்றார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னாள். மாவை எடுக்கவில்லை, பிள்ளைகள் நகர வேண்டுமென்று பொய் சொன்னேன் என்றாள். படித்த மனுஷர், பட்டணத்தில் இருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்படின்னா அது ஏன் விழுந்துச்சு டீச்சர்?" என்றார்.

கெமுந்தோவுக்கு வேலை போகவில்லை, மாவு அலமாரியின் சாவி மட்டும் போயிற்று. வீட்டில் புருஷன் ஓங்கேரி நீ சொல்வதை நம்புகிறேன் என்றான். சொல்லிவிட்டு அடுப்பங்கரை மாவுத் தகரத்தின் பக்கம் பார்வையை ஓட்டினான். அவள் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் மேட்டு உச்சிக்கு ஒருவரும் போகவில்லை. காலண்டர்ப் படத்தைத் தேடி எடுத்து, மகோரியே ஆள் வைத்துச் சரிவை மழுக்கினார். டயர்களைப் புதைத்தார்கள், காப்பித் தொலி கொட்டினார்கள், மண்குகையும் வந்தது. அவள் நினைத்தபடியே பிள்ளைகள் சறுக்கின. ஆனால் வானம் கொஞ்சம் கறுத்தாலும் ஒரு தாய் வந்து, நீங்க வீட்டுக்குப் போயிடுங்க டீச்சர் என்று மரியாதையாகச் சொல்வாள். அவளும் தனியாக மேட்டுப்பாதையில் மழைக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போவாள். இடிக்குப் பயந்தவளை இடிக்கு நடுவில் அனுப்பினார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

அப்படி ஒருநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கெசாரே எதிரே சமையல் குடிசை வாசலில் நின்றாள். மடிக்கு வரவில்லை. அம்மா கையை நீட்டினாள். குழந்தை ஒரு அடி பின்னால் வைத்தது. முகம் அழுகைக்குத் தயாராக இருந்தது.

"அம்மா, அந்த மாவைத் திருப்பிக் குடுத்துடேன். அப்புறம் நான் அங்க வரேன்."

கெமுந்தோ வாயைத் திறந்தாள். நான் எடுக்கலை கண்ணு என்று சொல்லிவிடலாம். தலைமையாசிரியரே நம்பாததை நாலு வயசு நம்புமா? வானம் உறுமியது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளை தன் காதைத் தானே பொத்திக்கொண்டு நின்றது. கெமுந்தோவுக்கு அம்மாவின் கையிலிருந்த துண்டுப் பென்சில் ஞாபகம் வந்தது. அந்த வீடுகளின் வாசல்களும் ஞாபகம் வந்தன.

மறுநாள் காலையில் சந்தையில் ஒரு மூட்டை கேழ்வரகு மாவு வாங்கினாள். தலையில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, மேட்டுக்கு நடந்தாள். ஒரு கையில் கெசாரே. பள்ளிக்கூட வாசலில் மகோரி மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, கட்டி, உள்ளே வைக்கச் சொன்னார். இனிமேல் இப்படிச் செய்யாதீங்க டீச்சர் என்றார், கோபமில்லாமல். சரிங்க என்றாள் கெமுந்தோ.

மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகு இடி உருண்டது. கெசாரே முற்றத்தைக் கடந்து ஓடி வந்து மடியில் ஏறினாள்.

"இனிமே உன்னைத் தேடி வராதும்மா," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் இரண்டு காதையும் பொத்தினாள்.