குப்பை என்று நான் டிக் போட்ட ஃபோல்டர்

அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முதலில் வருவது கோழித்தீவன வாசம்தான்... பக்கத்துப் பண்ணையிலிருந்து பறந்து வந்து உள்ளே அடைந்திருக்கும் தூசியை, ஃபேன் அப்படியே முகத்தில் ஊதும். அப்புறம்தான் திரையில் வெளிச்சம் வரும்.

நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் ஆளாக இருந்த காலம். மொபெட்டில் ஊர் ஊராகப் போவேன். புதுச்சத்திரம் பக்கத்தில் குப்புசாமி அண்ணன் வீடு. இரண்டு டெம்போ வைத்து முட்டை லோடு அடித்துக்கொண்டிருந்தார். மகள் கவிதா பிசிஏ சேர்ந்ததும் அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது.

"ஏனுங் தம்பி, பொட்டி ஆமையாட்ட நவுருதுங்க. வைரஸ் கிய்ரஸ் பூந்துருச்சான்னு பாத்து உடுங்க" என்றார்.

எங்கள் முதலாளி எங்களுக்கு ஒரு பாடம் எடுத்திருந்தார். வைரஸ் போனது எவன் கண்ணுக்கும் தெரியாது, வேகம் வந்தால்தான் தெரியும்... அதனால் வெறும் ஆன்டிவைரஸ் போடாதே, கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் எல்லாம் சேர்ந்த பெரிய பேக்கைப் போடு என்பார். அதையே போட்டேன். ஸ்கேன் ஓடி முடிந்தது. ஒரு வைரஸும் இல்லை.

அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

வந்ததற்கு ஏதாவது செய்து காட்ட வேண்டாமா? கிளீனரைத் தட்டினேன். டி டிரைவில் ‘டெம்ப்’ என்று ஒரு பெரிய ஃபோல்டர் இருக்கிறது, இதையும் நீக்கவா என்று கேட்டது. டெம்ப் என்றால் தற்காலிகக் குப்பை, எங்கள் தொழிலில் அரிச்சுவடி. திறந்துகூடப் பார்க்கவில்லை. டிக் போட்டேன். கையோடு, சிதறிக் கிடக்கும் ஃபைல்களை நெருக்கி அடுக்கும் டிஃப்ராகும் ஓடவிட்டேன். கலர் கலராகக் கட்டங்கள் நகர்ந்தன. கவிதா நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் சும்மா பறந்தது. அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

"அப்புடியே நம்ம டெம்போ போட்டோவ எடு புள்ள, தம்பியும் பாக்கட்டும்."

கவிதா டி டிரைவைத் திறந்தாள். மேலே தேடினாள், கீழே தேடினாள்...

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் டெம்போ என்று பெயர் டைப் செய்யும்போது கவிதா கடைசி ‘ஓ’வை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். முதல் டெம்போ வாங்கிய அன்று டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள். அண்ணனின் சம்சாரம் வண்டிக் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்துவிட்டுத் திரும்பிச் சிரிப்பது அதில்தான் இருந்ததாம். அந்த அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"பிரிண்ட் போடோணும் போடோணும்னே நாள் போயிருச்சுங் தம்பி. அவ சிரிச்ச மூஞ்சியா இருக்கறது அது ஒண்ணுதானுங்க" என்றார் அண்ணன்.

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். அழிந்த படங்கள் இருந்த இடத்திலும் டிஃப்ராக் வேறு ஃபைல்களை அடுக்கி முடித்திருந்தது. பெயர்கள் மட்டும் வந்தன, படம் ஒன்றும் திறக்கவில்லை. ‘நான்தான் அண்ணா தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு எழவில்லை. வேறொன்றுக்கு மட்டும் நன்றாக எழுந்தது.

"வைரஸ் தின்னுருச்சுங்க அண்ணா. யாராச்சும் பென் டிரைவ் போட்டீங்களா?"

"நேத்து நான்தான் போட்டனுங்க... காலேஜ் ரெக்கார்டுக்கு" என்றாள் கவிதா.

"அதுலதான் வந்துருக்கும்" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன்.

"அந்தக் குச்சியக் கொண்டாந்து சொருகாதன்னு சொன்னனா இல்லியா? அம்மாளையே அழிச்சுப் போட்டயே!" அண்ணன் கத்தினார். அவள் அழக்கூட இல்லை, கையில் மௌஸைப் பிடித்தபடியே நின்றாள்.

கிளம்பும்போது, "மிச்சத்தையாச்சும் காப்பாத்திக் குடுத்தீங்களே சாமி" என்று அண்ணன் ஒரு அட்டை முட்டையை மொபெட்டில் கட்டிவிட்டார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஆம்லெட் போட்டுத் தின்றேன். அதை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது கம்ப்யூட்டர் மேல் போர்வை மூடியிருந்தது. பிசிஏ முடிக்கிற வரை அவளை அதைத் தொட விடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

போன வாரம், நான் இதை எழுதும் நம் ஆன்லைன் குரூப்பில், ஆன்டிவைரஸோடு கிளீனரும் பூஸ்டரும் தேவையா என்று பெரிய சண்டை நடந்ததே... "காவலுக்கு வந்தவன் கையில் விளக்குமாற்றைக் கொடுக்காதீர்கள்" என்று நான் எழுதியதற்கு அத்தனை பேர் கைதட்டினீர்கள். கூச்சமாக இருந்தது. அந்த சாஃப்ட்வேர் என்னைக் கேட்டுத்தானே செய்தது?

இப்போது போனே தினம் கேட்கிறது, குப்பையை நீக்கவா என்று. தவறி அழித்தாலும் ஒரு மாதம் எடுத்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு படம் அழிந்து போவது என்றால் என்னவென்றே தெரியாது.

சித்திரையில் கவிதாவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாக இ-சேவை மையம் நடத்துகிறாள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

"அம்மாயி எப்புடி இருப்பாங்கன்னு என்ற மக கேக்கறாளுங் அண்ணா. காட்டறதுக்கு எங்கம்மாளோட ரேஷன் கார்டு போட்டோதான் இருக்குது. எல்லாம் நான் பண்ணுன வேலை. இன்னைக்கும் யாராச்சும் பென் டிரைவ நீட்டுனா ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணாம சொருக மாட்டனுங்க."

அன்றும் நான் வாய் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கவிதா... என் பதிவுக்கெல்லாம் முதல் லைக் உன்னுடையதுதான். இதையும் படிப்பாய். உன் பென் டிரைவில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. உன் அம்மா படத்தை அழித்தது நான்தான் சாமி.