செத்திமியோ ஒட்டிய கட்டை

"நான் கை வச்ச கட்டைய, வாசிக்கிறவங்களத் தவிர இன்னொருத்தன் விரல் தொடவேண்டி வராது. எழுதி வச்சுக்கோங்க!"

செத்திமியோ இப்படி முழங்கியது இத்தாலியின் காஸ்தெல்ஃபிதார்தோ ஊர்க் காபிக் கடையில். சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் அக்கார்டியன் பட்டறையில் விரல் தேய்ந்தவர்கள். மீதிப் பேர் அவர்களுக்குக் குறை சொல்லத் தெரிந்தவர்கள்.

முழக்கத்துக்குக் காரணம் மனைவி ஓர்னெல்லாவின் சிந்தசைசர். எழுபதுகளில் வாங்கியது, கன்றுக்குட்டி கனம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். பல கட்டைகளை அழுத்தினால், இருப்பதிலேயே கீழ்ச்சுரத்துக்குத்தான் வாய். அந்தக் கடைசிக் கீழ்க்கட்டையின் ஸ்ப்ரிங் கொக்கிதான் உடைந்திருந்தது. அழுத்தினால் எழாது. அது எழாவிட்டால் மற்ற கட்டையெல்லாம் ஊமை.

நடன இசைக்குழுத் தலைவன் குவால்தியேரோ பணிவாகவே சொல்லியிருந்தான்: "அக்கா, திருவிழாவுலயும் இது மக்கர் பண்ணுச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அங்கோனா ஊர்ப் பொண்ணுதான் வாசிப்பா. புது கீபோர்டோட ரெடியா இருக்கா."

செத்திமியோ கட்டையைக் கழற்றினார். வேறு யாராவது என்றால் கடைக்குப் போய்ப் பசை வாங்கியிருப்பார்கள். "பசை செருப்புக்கு" என்றார் அவர். ஆயுள் முழுக்க அக்கார்டியனுக்குள் ஒலியெழுப்பும் உலோக நாக்குகளை ஒட்டிய அதே கலவையை, தேன்மெழுகும் பைன் பிசினுமாக உருக்கி, கொக்கியை நிறுத்தினார். ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே, நிலவறைக் குளிர்ச்சியில், கட்டை ஆட்டுக்குட்டியாகத் துள்ளியது.

திருவிழா ஆகஸ்டில். மேடை மேற்குப் பார்த்தது.

பொரித்த ஒலிவ்காய்ப் பொட்டலத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்த செத்திமியோ, மேடையோரம் மாதா சிலைக்கு ஏற்றியிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அது தலைகுனிந்து நின்றது. பக்தியால் அல்ல. மேற்கு வெயிலில் வளைந்திருந்தது.

பொட்டலத்தை நாற்காலியில் போட்டார். மேடையடிக்கு ஓடினார்.

"ஓர்னெல்லா, அந்தக் கடைசிக் கட்டையத் தொடாம வாசியேன்."

"அது இல்லாம போல்காவா? என்னத்தய்யா வச்சு ஒட்டின?"

"நல்ல சாமான்தான்."

"செத்திமியோ!"

"...மெழுகு."

"எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்றார் ஓர்னெல்லா. அப்பா என்ன சொன்னார் என்று விசாரிக்க அவகாசமில்லை, முதல் நடனமான மசூர்கா தொடங்கிவிட்டது.

மசூர்காவில் கட்டை ஒழுங்காக எழுந்தது. போல்காவில், முழங்கால் வலிக்காரர் மாடியேறுவதுபோல எழுந்தது. செத்திமியோ நிழலுக்காகத் தொப்பியைத் தூக்கிப் பிடித்தார். சூரியன் அவரைச் சட்டை செய்யவில்லை. வால்ஸில் கட்டை படுத்தது, படுத்ததுதான்.

கப்பல் சங்குபோல ஒரே சுரம் சதுக்கத்தை அடைத்தது. ஜோடிகள் தூக்கிய காலோடு நின்றன. ஓர்னெல்லாவின் வலக்கை மேலே என்னென்னவோ வாசித்தது, ஒன்றும் கேட்கவில்லை. குவால்தியேரோ, அங்கோனா பொண்ணைக் கூப்பிட, பையிலிருந்து போனை எடுத்தான்.

செத்திமியோ மேடையேறினார். சிந்தசைசரின் இடது ஓரத்தில் மண்டியிட்டு, சுண்டுவிரலைக் கொடுத்துக் கட்டையை நெம்பினார். சங்கு நின்றது, வால்ஸ் வந்தது, கால்கள் இறங்கின.

குவால்தியேரோ குனிந்தான். "மாஸ்டர், இன்னொருத்தன் விரல் தொடாதுன்னீங்க?"

"வால்ஸ் ஓடுது. பேசாம இரு."

போன் பைக்குத் திரும்பியது. கீழே யாரோ, நாலு கை வாசிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள். வெயில் தாழும்வரை ஓர்னெல்லா அழுத்தினார். செத்திமியோ, தலை நிமிராமல், ஒவ்வொரு முறையும் தூக்கிவிட்டார்.