கிணற்றுக் கல்வெட்டைப் படித்தவள்

ஆரணி பேருந்து நிலையத்தில் தேவிகாபுரம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் பட்டு நெய்பவர் ஒருவர், மகளின் ஆய்வேட்டை மடியில் அணைத்திருக்கிறார். சமஸ்கிருதத்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு. அதைக் கொடுக்க அவரும், அருகில் உட்கார்ந்திருக்கும் மகளும் சென்னைக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.

"இந்தக் காலத்துல அதைப் படிச்சு என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டுவிடுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. "நானும் அதையே கேட்டுகினு இருந்தவன்தாங்க. எங்க ஊர்ல பொதுக் கிணத்தை, எங்களுதுன்னு சிலபேர் பூட்டி வெச்சிருந்தாங்க. அங்க இருந்த கல்வெட்டை இவதான் படிச்சா. வர்றவங்க போறவங்க எல்லாரும் குடிக்கத்தான் வெட்டினதுன்னு சமஸ்கிருதத்துல எழுதியிருக்குது. மறுநாளே தொறந்துட்டாங்க."

"மறுநாள் இல்லப்பா, நாலு மாசம் ஆச்சு" என்று மகள் சிரிக்கிறாள்.

"ஆவட்டுமே. இப்ப எல்லாரும் மொள்றாங்க இல்ல?"